குனிந்து பார்க்கும் கண்

1

கருவி ஒன்றைப் பாதுகாப்பது என்றால் என்ன? துடைத்து, எண்ணெயிட்டு, தூசி படாமல் அலமாரியில் வைப்பது என்று யாரும் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கருவி ஒரு வேலையின் பொருட்டு உண்டானது. வேலை நின்றுபோன பிறகும் அது கருவிதானா, அல்லது கருவியின் வெறும் உடலா? ஓட்டல் வரவேற்பறைகளில் உரலின்மேல் பூந்தொட்டி வைத்திருப்பதைப் பார்க்கிறோம். உரல் பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. ஆனால் மாவரைப்பதன் நினைவு அந்த அறையில் யாருக்கும் இல்லை. பாதுகாப்பு என்ற சொல்லை அங்கே உபயோகிக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை நான் காமிராக்களை வைத்துக் கேட்கிறேன். உரலுக்கு எதிரே அரிசிதான் இருக்கிறது. காமிராவுக்கு எதிரே பெரும்பாலும் ஒரு மனிதன் நிற்கிறான். அதனால் காமிராவின் வேலையில் எடுத்தவனுக்கு மட்டுமல்ல, எதிரே நின்றவனுக்கும் பங்குண்டு. வேலையை மறந்துவிட்டுக் கருவியை மட்டும் கொண்டாடும்போது மறக்கப்படுகிறவன் அந்த இரண்டாவது ஆள். விஷயம் ரசனைப் பிரச்சினையிலிருந்து ஒழுக்கப் பிரச்சினையாக மாறுவது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது.

என்னிடம் ஏழு இரட்டை லென்ஸ் காமிராக்கள் இருக்கின்றன. எல்லாமே புதுச்சேரியில் வாங்கியவை. இங்கே இவை கிடைப்பதற்கு ஊரின் சரித்திரம் ஒரு காரணம். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டபூர்வமான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வூதியத்தோடு திரும்பிய ‘சொல்தா’க்கள், சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்கள் என்று இந்த ஊரில் பல குடும்பங்களுக்குக் கடல் கடந்த வாழ்வொன்று இருந்தது. அவர்கள் பெட்டிகளில் காமிராவும் வந்தது. அடுத்த தலைமுறை பிரான்சில் தங்கிவிட்டது. வீடுகள் கைமாறும்போது நாற்காலிகள், கடிகாரங்கள், பீங்கான்களோடு காமிராக்களும் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன; எப்போதாவது காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளின்மேலும்.

2

இந்த வகைக் காமிராவைக் கையில் எடுத்திராத நண்பர்களுக்காகச் சில வரிகள். செங்குத்தான ஒரு பெட்டி. முகப்பில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி, உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடியில் பட்டு, பெட்டியின் உச்சியிலுள்ள சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் பிம்பமாக விழும். காமிராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலை குனிந்து அந்தப் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். 120 என்று குறிக்கப்படும் பிலிமில், ஏறக்குறைய ஆறு செண்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள். ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் நகரத்து ஃப்ராங்கே-ஹைடெக்கே நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ரோலைஃபிளெக்ஸ் இந்த வகைக்குக் கைக்கடக்கமான உருவத்தைத் தந்தது. பிறகு ஜப்பானின் யாஷிகா, மினோல்டா, மாமியா. சோவியத் நாட்டின் லூபிடெல். ஷாங்காயின் சீகல் என்று குடும்பம் பெருகியது. நம் ஊர்களில் 1960-களிலிருந்து 80-கள் வரை கல்யாண வீடுகளில் போட்டோகிராபரின் கழுத்தில் தொங்கியது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான்.

இதன் அமைப்பிலேயே மூன்று விசேஷங்கள் இருக்கின்றன. முதலாவது, குனிதல். எடுக்கிறவன் எதிராளியின் முகத்தை முறைத்துப் பார்ப்பதில்லை. தன் மார்புக்குக் கீழே இருக்கும் ஒரு சிறு சதுரத்தைப் பார்க்கிறான். எதிரே நிற்பவருக்குத் தெரிவது ஒரு தலையின் உச்சி. கும்பிடுகிறவனின் நிலை என்று சொன்னால் மிகை. ஏதோ படிக்கிறவனின் நிலை என்று சொல்லலாம்.

இரண்டாவது, பிம்பம் இடவலம் மாறித் தெரிவது. ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் தகட்டில் இடப்பக்கம் நகர்கிறான். புதிதாகப் பழகுகிறவன் காமிராவைத் தவறான திசையில் திருப்பித் திருப்பித் திண்டாடுவான். பழகிய பிறகும் ஒரு கணம் யோசனை தேவைப்படும். கண்ணுக்குப் பட்டதைக் கை உடனே அபகரித்துவிட முடியாது. இடையே ஒரு தாமதம் கட்டாயமாகிறது.

மூன்றாவது முக்கியமானது. பார்க்கும் கண்ணும் எடுக்கும் கண்ணும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே சில செண்டிமீட்டர் இடைவெளி. தூரத்து மலையை எடுக்கும்போது இந்த இடைவெளியால் பாதகமில்லை. முகத்தை எடுக்க நெருங்கும்போதுதான், பார்த்தது ஒன்றும் பிலிமில் விழுந்தது ஒன்றுமாகிறது, நெற்றி வெட்டுப்படுகிறது. நெருங்க நெருங்கப் பிழை பெருகுகிறது. ரோலைஃபிளெக்ஸில் இதற்கென்று தகட்டுக்கு அடியில் ஒரு சட்டம், குவியத்தைத் திருப்பும்போது தானாகவே நகரும். மாமியாவில் ஒரு முள், எது வரைக்கும் வெட்டுப்படும் என்று எச்சரிக்கும். மலிவான காமிராக்களில் ஒன்றும் கிடையாது. எடுக்கிறவனே மனத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். நாம் பார்த்த மனிதனும் நாம் பதிவு செய்த மனிதனும் ஒருவன் அல்ல என்பதைத் தன் உடலிலேயே ஒப்புக்கொண்டிருக்கும் கருவி இது. எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இரட்டைக் கண்ணுக்கு வேறொரு லாபமும் உண்டு. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் காமிராவில், ஷட்டர் விழும் அந்தக் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி எழும்பிப் பார்வை இருண்டுவிடும். எடுத்த கணத்தை எடுத்தவன் பார்ப்பதில்லை. இரட்டை லென்ஸில் பார்வை மறைவதே இல்லை. கண் மூடித் திறந்தாரா, சிரிப்பு கலைந்ததா என்பது அப்போதே தெரிந்துவிடும். எடுத்ததற்குச் சாட்சியாக எடுத்தவனும் இருக்கிறான்.

இதற்கு எதிர்த்துருவத்தில் ஒரு நிகழ்ச்சியும் இதே ஊரில்தான் நடந்தது. 1950 ஏப்ரலில் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் புதுச்சேரிக்கு வந்து, நெடுங்காலமாகப் படமெடுக்கச் சம்மதிக்காதிருந்த அரவிந்தரை எடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பர் 5-இல் மறைந்தார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோனின் லைகா கண்ணோடு ஒட்டிக்கொள்வது. எடுக்கிறவனின் முகம் கருவிக்குப் பின்னால் மறைகிறது, பார்வை நேர்கோட்டில் பாய்கிறது, கணம் அகப்படுகிறது. அந்தக் கலையின் உயரத்தை நான் மறுக்கவில்லை. இரண்டு நிற்கும் முறைகள், இரண்டு உறவுகள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். மேதை ஒருவன் லைகாவில் பணிவோடு எடுக்கலாம். மடையன் ரோலைஃபிளெக்ஸில் குனிந்தபடியே திருடலாம். டயான் ஆர்பஸ் ரோலைஃபிளெக்ஸிலும் மாமியாவிலும் எடுத்த முகங்களைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. ஆகவே அமைப்பு ஒழுக்கத்தைத் தந்துவிடாது. அதற்கு இடம் வைத்துக்கொடுக்கும், அவ்வளவே.

3

சேகரிப்பவர்கள் சந்திக்கும்போது பேச்சு ஒப்பீடாகத்தான் இருக்கும். நானும் அந்தப் பேச்சில் கலந்துகொள்கிறவன். 1960-இல் வந்த ரோலைஃபிளெக்ஸ் 2.8எஃப்-இன் பிளானார் லென்ஸா, க்ஸெனோட்டார் லென்ஸா? 1970-இலிருந்து 1986 வரை வந்த யாஷிகா-மேட் 124ஜி-யின் நான்கு கண்ணாடி யாஷினான், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஜெர்மன் லென்ஸுக்கு எஃப் 8-இல் அப்படியென்ன குறைந்துபோயிற்று? மாமியா சி330-இன் கனத்தைக் கழுத்து தாங்குமா? ஆனால் அதில் மட்டும்தானே லென்ஸ் ஜோடியையே கழற்றி மாட்ட முடியும்? லூபிடெல்லை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளலாமா?

இந்தப் பேச்சு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒப்பிடாமல் எதையும் அறிய முடியாது. 1937-இன் ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமாட்டில், பிலிமின் பின்தாள் மட்டும் போய்க்கொண்டிருக்கும்போது உருளைகளுக்கு இடையே உள்ள தடிமன் ஒன்று; பிலிம் ஒட்டிய இடம் வந்ததும் தடிமன் ஒரு மயிரிழை கூடும்; அந்த மயிரிழையைத் தொட்டுணர்ந்து காமிரா தானாக எண்ணத் தொடங்கும். மின்சாரம் கிடையாது, வெறும் உலோகம். இதைப் பிரித்துப் பார்த்தவனுக்கு மனித புத்தியின்மேல் ஒரு மரியாதை வரும். லூபிடெல்லில் இது எதுவுமில்லை. பின்புறத்தில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஓட்டை வழியாக எண்ணைப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒன்று உபயோகிப்பவனின் கவனத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது, மற்றது கவனத்தை அவனிடமே விட்டுவிடுகிறது. இது நல்ல ஒப்பீடு. இதிலிருந்து யோசிக்க முடியும்.

என் சங்கடம், ஒப்பீடு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதில்தான். கூர்மை, அபூர்வம், விலை என்ற மூன்று அளவுகோல்களில் அது நின்றுவிடுகிறது. இந்த மூன்றிலும் எதிரே நின்றவன் இல்லை. 124ஜி-யும் 2.8எஃப்-உம் செங்கல் சுவரையோ அச்சடித்த செய்தித்தாளையோ எடுத்துச் சோதிக்கப்படுகின்றன. சுவருக்கு முன்னால் எல்லா லென்ஸும் சமமாக வெட்கமற்றவை. நம்முடைய விமர்சனத்திலும் இதற்கு இணையான ஒரு வியாதி உண்டு. இந்தக் கவிஞனின் படிமம் கூர்மை, அவனுடையது மழுங்கல் என்று அளந்துகொண்டே போகிறோம். எதைப் பார்த்து, யாரெதிரே நின்று எழுதினான் என்ற கேள்வி வருவதற்குள் பக்கம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் ஆக்ஃபா கிளிக் III வராது. இரட்டை லென்ஸ் அல்ல. இந்தியாவில் தயாரான எளிய பெட்டி. அதே 120 பிலிம், அதே பன்னிரண்டு சதுரங்கள். ரோலைஃபிளெக்ஸைக் கனவில்கூடக் காணாத நடுத்தரக் குடும்பங்கள் தம் குழந்தைகளையும் கிணற்றடியையும் முதல் ஸ்கூட்டரையும் எடுத்தது அதில். சேகரிப்பவன் அதைக் கையில் எடுத்துச் சிரித்துவிட்டுக் கீழே வைக்கிறான். எவ்வளவு முகங்களைச் சுமந்தது என்று எண்ணினால் அதற்கு எந்த அலமாரியில் இடம் தருவது?

4

சேகரிப்பை ஆதரித்து வால்டர் பெஞ்சமின் முன்வைத்த வாதம் பலமானது. தன் நூலகத்தை அவிழ்த்து அடுக்குவது பற்றி அவர் 1931-இல் எழுதிய கட்டுரை நம் வட்டத்தில் பலருக்குத் தெரிந்திருக்கும். பின்னால் பாரீஸ் பற்றி எழுதியபோது, பொருள்களைப் பயன்பட்டே தீரவேண்டும் என்ற அடிமைத்தனத்திலிருந்து சேகரிப்பவன் விடுவிக்கிறான் என்ற பொருள்படச் சொன்னார். உபயோகம் என்ற ஒரே கண்ணோடு உலகத்தைப் பார்க்கும் சமூகத்தில், உபயோகமற்ற ஒன்றை நேசிப்பதே ஒரு எதிர்ப்பு. கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்த வாதம் இனிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் புதுச்சேரியின் கடற்காற்று பெஞ்சமினோடு ஒத்துப்போவதில்லை. இங்கே ஆண்டில் பெரும்பகுதி ஈரக்காற்று. தோலுறையில் மூடி அலமாரியின் இருட்டில் வைத்த காமிராவின் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. சிலந்தி வலை போலத் தொடங்கி, மேற்பூச்சைத் தின்று, கடைசியில் கண்ணாடியிலேயே வடு ஏற்படுத்துகிறது. அசல் தோலுறை இருந்தால் விலை கூடும். அந்த உறைதான் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கிறது. ஷட்டருக்குள் இருக்கும் மசகு, அசைவில்லாமல் கிடந்தால் பிசினாகிறது. ஒரு வினாடி வேகம் மூன்று வினாடியாகிறது, பிறகு தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. வெளிச்சத்திலும் காற்றிலும் அடிக்கடி எடுத்துப் புழங்கப்பட்ட காமிரா, பளபளப்புத் தேய்ந்து பித்தளை தெரிந்தாலும், உள்ளே தெளிவாக இருக்கிறது. விடுதலை பெற்ற பொருள் உள்ளிருந்து அழுகுகிறது, வேலை செய்யும் பொருள் பிழைக்கிறது. இது உவமை அல்ல. எந்தக் காமிரா மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லும் விஷயம்.

வேலை செய்ய பிலிம் வேண்டும். உதகமண்டலத்தில் 1960-இல் ஏற்படுத்தப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தயாரித்தது. 1990-களில் நொடித்து, பிறகு மூடப்பட்டது. இப்போது ஒரு சுருள் பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். விலை பலருக்குக் கட்டுபடியாகாது. ஆகவே எல்லோரும் எப்போதும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் போதிக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு சுருள், பன்னிரண்டு முகங்கள். ஒவ்வொரு காமிராவுக்கும் அதைக்கூடத் தரமுடியாதென்றால், அதை வைத்திருக்கும் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும்.

5

நெகடிவ்களின் விதி நேர்மாறானது. நெகடிவ் புழக்கத்தில் சாகிறது. விரல் படக்கூடாது, வெப்பம் கூடாது, ஈரம் கூடாது. அசிடேட் பிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும்; பிறகு சுருங்கும், நெளியும், படலம் உரியும். அமைதியும் குளிர்ச்சியும் இருட்டும்தான் அதற்கு மருந்து. அதாவது காமிராவுக்கு நாம் தரும் அலமாரி வாழ்க்கை நெகடிவுக்குத் தரப்பட வேண்டியது.

நடந்தது என்ன? காமிராக்களை இருட்டில் பூட்டி வைத்தோம். நெகடிவ்களைத் தெருவில் விட்டோம். ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகடிவ்களைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றார்கள். பிலிம் நெகடிவ்கள் வெள்ளி எடுப்பதற்காக எடைக்குப் போயின. ஒவ்வொன்றிலும் ஒருவர் நின்றிருந்தார். போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்ற பயத்தை மீறி, பவுடர் பூசி, கடன்வாங்கிய கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து, மூச்சைப் பிடித்து நின்றிருந்தார். இறந்த தாயை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொண்ட படங்களும் அவற்றுள் உண்டு.

இந்த ஊரிலேயே இதற்கு மாற்றாகவும் ஒரு வேலை நடந்திருக்கிறது. செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955-இல் தொடங்கியது. மறு ஆண்டிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, இடம், மூர்த்தி, தேதி குறித்து அடுக்கி வைத்தார்கள். லட்சத்தைத் தாண்டும் படங்கள். பல காலம் அது கலைச்சரித்திரக்காரர்களின் சலிப்பான தொகுப்பாகவே கருதப்பட்டது. பிறகு சிலைத் திருட்டு வழக்குகள் வந்தன. ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. அது கோயிலில் இருந்ததற்குச் சாட்சி, இன்ஸ்டிட்யூட் 1994-இல் எடுத்திருந்த படம். 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் அதே ஆண்டு அப்படியே திரும்பினார். அந்தப் படங்களை எடுத்த காமிராவின் பெயர் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. கருவி தன் வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

இதே இன்ஸ்டிட்யூட்டில் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பதிவுசெய்யும் ஒரு முயற்சியும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு நடந்தது. அந்தத் திட்டத்தின் அடிப்படை விதி எனக்குப் பிடித்தது: பிரதி மட்டுமே பயணம் செய்யும், மூலம் தன் நாட்டைவிட்டுப் போகாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் ஊருக்கு இது புதிதல்ல. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பும், 1846-இல் கண்டெடுத்தவர்கள் உட்கார்ந்து பிரதி எடுத்ததால்தான் உலகத்துக்குக் கிடைத்தது. மூலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளாமலே ஒன்றைக் காப்பாற்றலாம் என்பதை இங்கே பழைய சாமான் கடைகளைவிட ஆவணக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

6

இந்த யோசனைகள் எல்லாம் பொதுவில் சொல்ல எளிது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஒரு யாஷிகா ஏ இவற்றைக் குறிப்பான ஒரு கேள்வியாக்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது பின்புறத்துச் சிவப்புச் சாளரத்தில் 8 என்ற எண் தெரிந்தது. உள்ளே பிலிம் இருந்தது. ஏழு படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. எட்டாவது எடுக்கப்பட்டதா என்பதைக் காமிரா சொல்லாது. யாஷிகா ஏ-யில் ஒரே சட்டத்தில் இரண்டுமுறை எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு கிடையாது. எடுத்தவனின் ஞாபகத்தை நம்பிச் செய்த கருவி.

கடைக்காரரிடம் திரும்பிப் போய் வீட்டுக்காரர் யார் என்று கேட்டேன். “எல்லாரும் பாரீசுக்குப் போயிட்டாங்க சார். வீட்டைப் பார்த்துக்கிறவருகிட்ட மொத்தமா எடுத்தேன்” என்றார். பிலிம் இருப்பதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் பெட்டியத்தானே சார் வித்தேன்” என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட வார்த்தைகளில் அதுவே மிகத் தெளிவானது. பெட்டி என்னுடையது. உள்ளிருப்பது யாருடையது?

பட்ட ஒளி, கழுவப்படாத பிலிமில் கண்ணுக்குத் தெரியாத பிம்பமாகப் பல பத்தாண்டுகள் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் மூட்டம் ஏறிக்கொண்டேயிருக்கும். நண்பர்கள் மூன்று விதமாக யோசனை சொன்னார்கள். ஒருவர், மிச்சமிருக்கும் சட்டங்களில் நீயே எடுத்து முடி, இரண்டு வாழ்க்கைகள் ஒரே சுருளில் இருக்கட்டும் என்றார். கவித்துவமான யோசனை. அந்நியன் ஒருவனின் முடியாத வாக்கியத்தை முடித்துவைத்துக் கையெழுத்தும் போடுவது. இன்னொருவர், தொடாதே, அது அந்தரங்கம் என்றார். இதில் நியாயம் உண்டு. ஆனால் தொடாமல் விடுவதும் ஒரு செயல்தான். மூட்டம் நமக்காக அந்தக் காரியத்தை மெல்லச் செய்து முடிக்கும், நம் கை சுத்தமாக இருக்கும். மூன்றாமவர், கழுவி, நன்றாக வந்தால் ஏதாவது பத்திரிகையில் போடு என்றார்.

மூன்றாவது யோசனையின் முழு வடிவம் சிகாகோவில் நடந்தது. விவியன் மேயர் என்ற பெண், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்தவர், பெரும்பாலும் ரோலைஃபிளெக்ஸில் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். கிட்டத்தட்ட யாருக்கும் காட்டவில்லை. எத்தனையோ சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை பாக்கிக்காக அவர் பெட்டிகள் 2007-இல் ஏலம் போயின. 2009-இல் அவர் இறந்தார். பிறகு கண்காட்சிகள், புத்தகங்கள், திரைப்படம், உரிமை வழக்குகள். படங்கள் அற்புதமானவை. அவற்றைப் பார்த்ததில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் காட்டுவதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானித்திருக்கலாம், அந்தத் தீர்மானத்தை ஏலச்சீட்டு ரத்து செய்துவிட்டது என்ற எண்ணம் அந்தப் படங்களை விட்டு அகலுவதில்லை.

நான் அந்தச் சுருளைக் கழுவினேன். காப்பாற்றுவது வேறு, காட்டுவது வேறு என்ற வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஏழு சட்டங்களில் நான்கில் மூட்டம். மூன்றில் உருவங்கள் தெரிந்தன. அவர்களை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. வர்ணனையும் ஒருவகையில் காட்டுவதுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது எடுக்கப்பட்டவரைப் பற்றியதல்ல என்பதால். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படி எடுத்த ஒரு படத்தில் தரையில் எடுத்தவரின் நிழல் விழுந்திருந்தது. முழங்கைகள் இருபுறமும் விரிந்து, தலை குனிந்த நிழல். நெகடிவையும் மூன்று பிரதிகளையும் உறையிலிட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வழியாகச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். என்னிடம் பிரதி இல்லை. சேர்ந்ததா என்பதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

7

என் தரப்பைச் சுருக்கிச் சொல்ல முயல்கிறேன். சேகரிப்பு இரண்டு விதம். ஒன்றில் பொருள் வந்து சேருமிடம் முடிவு; மற்றதில் அது ஒரு தங்குமிடம். கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் 1992-இல் அவர் இறந்தபின் கரையானுக்கும் காகிதக் கடைக்கும் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994-இல் நூலகமாக ஏற்பட்டதால் இன்று யாரும் போய்ப் படிக்கலாம். அவர் சேர்த்ததன் அர்த்தம் அவருடைய அலமாரியில் முடியவில்லை. இதற்கு மாறாக நம் வட்டத்திலேயே ‘எழுத்து’வின் 1959 முதல் 1970 வரையிலான இதழ்களை பைண்டு செய்து வைத்துக்கொண்டு, கேட்கிறவனுக்குத் தராதவர்கள் உண்டு. தந்தால் திரும்பி வராது என்ற பயம் நியாயமானதே. ஆனால் யாரும் படிக்காத இதழ் எந்த அர்த்தத்தில் சிறுபத்திரிகை?

ஆகவே என் ஏழு காமிராக்களையும் கேட்கிற இளைஞர்களுக்குக் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். ஒரு நிபந்தனை. சுவரை எடுக்கக்கூடாது, பெயர் தெரிந்த ஒருவரை எடுக்க வேண்டும், எடுத்ததில் ஒரு பிரதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை மாமியாவின் ஒரு லென்ஸ் ஜோடி கீழே விழுந்து கெட்டிருக்கிறது. லூபிடெல் திரும்பி வரவில்லை.

ஆனால் என் வாதம் ஒரு இடத்தில் தடுமாறுகிறது. கருவிக்குச் சொன்ன நியாயம் முகங்களுக்குப் பொருந்துவதில்லை. காமிரா புழங்கினால் வாழும் என்று சொல்லிவிடலாம். முகம் புழங்கினால் என்ன ஆகும்? சந்தையில் எடைக்குக் கிடக்கும் ஆல்பத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் யாராவது வாங்க வேண்டும். வாங்கினால் ஒரு அந்நியன் கையில் அந்தக் கல்யாணம் இருக்கும். பெயரில்லாத அந்தப் பெண்ணின் அனுமதியைக் கேட்க வழியில்லை. கேட்காமல் காப்பாற்றுவதும் கேட்காமல் எடைக்கு விடுவதும் இரண்டும் அவளை மீறிய காரியங்களே. போன ஞாயிற்றுக்கிழமையும் காந்தி வீதியில் அப்படி ஒரு ஆல்பம் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு சீகல் காமிராவும் இருந்தது. அதற்கு மூன்று பேர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.